சொட்டைத்தலையன் பின்னிய ரெட்டை ஜடை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது. காதோரம் இரண்டு கீற்று தவிரத் தலையில் வேறெதுவும் மிச்சமில்லாத நான், என் மகளின் ஆப்பிரிக்க முடியைப் படிய வாரிக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளைப் பால்கனியில் உட்காரவைத்து, காய்ந்த தலையில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகக் கவிழ்த்து, பேன் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சீப்பு கொஞ்ச தூரம் போய் நின்றது. இன்னும் அழுத்தி இழுத்தேன். கைப்பிடி என் கையோடு வந்தது, பற்களெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டன. மகள் போட்ட அலறலில் எதிர் வீட்டு வசந்தா அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன ஜெயா, குழந்தைய அடிக்கிறியா?"

"இல்லக்கா, தலை வாரி விடறேன்," என்றேன் ஜெயாவாகிய நான்.

"ரெண்டும் ஒண்ணுதான் போலிருக்கு," என்று சொல்லிவிட்டு, அந்தப் பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க அவரும் உட்கார்ந்தார்.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தாம்பரத்தை ஒட்டிய எங்கள் முடிச்சூர் வீட்டில் ஞாயிறு மாலைகள் வேறு மாதிரி. மகள் இமானி தரையில் தலையணை போட்டு உட்கார, நான் அவள் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, இஸ்திரி போடும் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பிளாஸ்டிக் பாட்டிலால் அவள் தலையில் புஸ் புஸ் என்று அடிக்கிறேன். கதவு திறந்திருந்தால் படியேறுகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்காமல் போவதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணன் ஒருநாள் தோளிலிருந்ததை இறக்கி வைத்துவிட்டே வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், செடிக்கு அடிக்கிறத பாப்பா தலையில அடிச்சினு கீறீங்க?"

"இதுவும் செடி மாதிரிதாண்ணே. தண்ணி இல்லன்னா வாடிடும்."

அவர் நிதானமாக என் தலையைப் பார்த்தார். "அப்ப உங்க தோட்டத்துக்கு யாரும் ஊத்தலியா சார்?"

தார் எஸ் சலாமில் இருக்கிற நம் ஆட்களுக்கு என்னைத் தெரியும். தாம்பரத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். நான் கிழக்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த புராட்டஸ்டண்ட் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பத்து வருடத்துக்கு மேலாகத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில், சுருக்கமாகத் தாரில், பிளாஸ்டிக் வாளியும் நாற்காலியும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கேயே உபெண்டோவைக் கண்டேன், கல்யாணம் செய்துகொண்டேன். உபெண்டோ என்றால் சுவாஹிலியில் அன்பு. இமானி என்றால் விசுவாசம். அன்பும் விசுவாசமும் சேர்ந்து என்னைத் திட்டுகிற வீடு எங்களுடையது. எங்கள் முதலாளி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கிளை திறந்து, அதை ஓடவைத்துவிட்டு வா என்று என்னை இரண்டு வருடத்துக்கு அனுப்பினார். குடும்பத்தோடு வந்தேன். சொந்த ஊருக்கு வந்தவன் நான். புலம்பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள் இருவரும். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே வழி கேட்டவன் நான்தான். வயல்கள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடியாகியிருந்தது. முடிச்சூரில் வீடு பார்த்தபோது தரைத்தளம் மட்டும் மலிவாகக் கிடைத்தது. காரணம் கேட்டேன். வீட்டுக்காரர் சுவரில் என் மார்புக்கு நேராக, பழைய வெள்ளம் விட்டுப்போன ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். நாங்கள் இரண்டாம் மாடிக்கே போய்விட்டோம்.

முடிக்கு வருகிறேன். இமானி தாம்பரத்தில் வந்து இறங்கியபோது அவள் தலை ஒட்ட வெட்டியிருந்தது. தாரில் அவள் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகள் முடி வளர்க்கக் கூடாது. மாதம் ஒருமுறை, பையன்கள் வெட்டிக்கொள்ளும் அதே நாற்காலியில், அதே மின்கத்தியால் வழித்துவிடுவார்கள். கேட்டால் படிப்பில் கவனம் சிதறும் என்பார்கள். உபெண்டோவும் அப்படித்தான் படித்து முடித்தவள். பள்ளிக்கூடம் விட்டு வெளியே வருகிற வரை தன் முடி எப்படி இருக்கும் என்றே தனக்குத் தெரியாது என்பாள். தெரிந்துகொள்ளவும் அவகாசம் கொடுக்கவில்லை. விரல் நீளம் வளர்ந்ததும் சலூனில் உட்காரவைத்து டாவா போட்டுவிட்டார்கள். டாவா என்றால் மருந்து. சுருளை நீட்டிவிடுகிற மருந்து. அது எரியும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்வார்களாம். அவள் இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் நான் அதைச் சமையல் எண்ணெய் தெறித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தில் முடி கொட்டத் தொடங்கியதும் சவுரி தைத்துக்கொள்கிற காலம் வந்தது. காரியாக்கோ சந்தையில் அதற்கென்றே வரிசையாகக் கடைகள். கறுத்து, பளபளத்து, வாலாட்டுகிற குதிரைகள் மாதிரி தொங்கும். ஒருமுறை உபெண்டோவோடு போனபோது கடைக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இது அசல் இந்திய முடி, நீங்களே தொட்டுச் சொல்லுங்கள் என்றாள். நானும் பெரிய நிபுணன் போலத் தொட்டு, முகர்ந்து, தலையை ஆட்டினேன். அவள் என் தலையைப் பார்த்துவிட்டு, இதில் உங்களுடையதும் இருக்கிறதா என்று கேட்டாள். கடையே சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில், எங்கள் ஊரில் வேண்டிக்கொண்டு கோயிலில் முடி கொடுக்கிற வழக்கத்தை உபெண்டோவுக்கு விளக்கினேன். அவள் பையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். "சாமிக்குக் கொடுத்தது என் தலைக்கு எப்படி வந்தது?" என்றாள். வழியில் நாலு கை மாறியிருக்கும் என்றேன். அந்தப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. ஆனால் டாவாவை விடவும் இல்லை.

இந்தக் கதையோடு நாங்கள் தாம்பரத்துக்கு வந்தோம். ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு ஏழு வயதுப் பெண்குழந்தையைத் தெருவில் கூட்டிப் போனால் தார் எஸ் சலாமில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் நான் பயந்த காரணத்துக்காக அல்ல. நான் நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர்கள் கேட்டதோ ஒரே கேள்வி. ரயில் நிலையத்து ஆட்டோக்காரர் முதல் கீரைக்கார அக்கா வரைக்கும், "மொட்டை எந்தக் கோயில்ல?" வசந்தா அக்கா கேட்கக்கூட இல்லை. குடிவந்த அன்றே சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து இமானியின் தலை முழுக்கப் பூசிவிட்டுப் போனார். இமானிக்கு அது குளுகுளுவென்று பிடித்துப்போனது. மறுநாளும் போய் அவர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் அவர் குன்றத்தூர் முருகனுக்கா, திருத்தணி முருகனுக்கா என்று என்னைக் கேட்டபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் அக்கா என்றேன். "அதனால என்ன, சந்தனத்துக்கு அது தெரியுமா?" என்றார்.

பள்ளியில்தான் வினை. தலைமையாசிரியை ஃபிலோமினா மிஸ் இமானியைப் பார்த்தார். நல்ல உயரம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி.

"வேளாங்கண்ணியா?" என்றார் கனிவோடு.

தாரில் பெண்பிள்ளைகளுக்கு முடி கூடாது, அது பள்ளி விதி, இந்த முடி வேறு வகை, என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். கம்பெனி வேன் எனக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. தலையாட்டினேன். புராட்டஸ்டண்ட் வாத்தியார் மகன், வேளாங்கண்ணி மொட்டைக்குத் தலையாட்டினேன்.

"ரொம்ப சந்தோஷம். ஆறு மாசம் டைம் தரேன். அப்புறம் ரெட்டை ஜடை, மடிச்சுக் கட்டி, நேவி ப்ளூ ரிப்பன். இங்க எல்லாப் பொண்ணுங்களுக்கும் அதுதான் ரூல்."

வெளியே வந்ததும் இமானி கேட்டாள். "அப்பா, இங்க முடி வளர்க்கணும்னே ரூல் போட்டிருக்காங்களா?" அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் எந்தக் குழந்தையும் ஒரு பள்ளி விதியைக் கேட்டு அப்படிச் சிரித்திருக்காது. அன்று மாலையே உபெண்டோவைக் கூட்டிப்போய் மார்க்கெட்டில் நேவி ப்ளூ ரிப்பன் வாங்கிவிட்டாள். கட்ட முடியில்லை. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

முடி வளர்ந்தது. ஆனால் அது நம் வீட்டுப் பெண்களின் முடி போலக் கீழே இறங்கி வரவில்லை. மேலே போனது, பக்கவாட்டில் போனது, சூரியனைப் பார்த்துப் போனது. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். எண்ணெய், சீயக்காய், படிய வாருதல். நம் ஊரில் தலை வாருவது என்றால் அடக்குவது என்றுதானே பொருள்? பறக்கிற ஒரு முடியைக்கூட எண்ணெய் தொட்டு அமுக்கிவிடுகிற ஊர் இது. அதன் விளைவுதான் நான் முதலில் சொன்ன பேன் சீப்புச் சம்பவம். அன்று உபெண்டோ என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். ஒரு சுருளைப் பிரித்தாள், விட்டுவிட்டாள். மகளின் தலையில் கையை வைத்தபடி, "எனக்கும் தெரியாது" என்றாள் சுவாஹிலியில். சின்ன வயதில் வழித்துவிட்டார்கள், அப்புறம் மருந்து போட்டுவிட்டார்கள். இடையில் இருக்க வேண்டிய பாடம் அவளுக்கு நடத்தப்படவே இல்லை.

தாரில் கினொண்டோனிப் பகுதியில் தலை பின்னும் வேலை பார்க்கிற அவள் தங்கை துமாயினியை வீடியோவில் கூப்பிட்டோம். துமாயினி இமானியின் தலையைப் பார்ப்பதற்கு முன் என் கையிலிருந்த வேறொரு சீப்பைப் பார்த்தாள். ஃபோனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். பிறகு, "ஷெமெஜி, அதைக் கீழே வை" என்றாள். ஷெமெஜி என்றால் மச்சான். போலீஸ்காரர் துப்பாக்கியைக் கீழே போடச் சொல்கிற தொனி. அன்று முதல் பாடம் தொடங்கியது. காய்ந்த முடியில் சீப்பு படக்கூடாது. முதலில் தண்ணீர், அது காயுமுன் எண்ணெய். எண்ணெய் வைப்பது தண்ணீரை உள்ளே பூட்டிவைக்கத்தானே தவிர, படியவைக்க அல்ல. விரலால் சிக்கெடுக்க வேண்டும், அதுவும் நுனியிலிருந்து வேருக்கு. நான் அதுவரை வாழ்நாள் முழுக்க வேரிலிருந்து நுனிக்குப் போனவன். என் தலை இப்படி ஆனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று துமாயினியிடம் கேட்டேன். "உன்னுடையது விதி" என்றாள்.

தாம்பரத்தின் தண்ணீரும் ஒரு கை பார்த்தது. எங்கள் போர்வெல் தண்ணீரில் துவைத்த பனியன் காய்ந்தால் தானாக நிற்கும். அதில் அலசினால் இமானியின் முடி தேங்காய் நாராகிவிடுகிறது. எனவே கேன் தண்ணீரில் தலைக்கு ஊற்றினோம். குடியிருப்பில் பேச்சு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் மினரல் வாட்டரில் தலை குளிக்கிறார்கள், அங்கே தங்கச் சுரங்கம் இருக்கிறதாம். மழைக்காலம் வந்ததும் கேன் செலவும் போயிற்று. எங்கள் பகுதியில் மழை என்றால் மக்கள் வண்டிகளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், ஃபோனில் ஏரி நிலவரம் பார்ப்பார்கள். நாங்கள் மூவரும் மொட்டை மாடியில் வாளிகளை வரிசையாக வைத்தோம். எங்கள் தொழிற்சாலையே செய்த வாளிகள். மழைத் தண்ணீர் பட்டதும் இமானியின் முடி சுருள் சுருளாக மினுங்கிய அழகை நான் தாரில் இருக்கிற உங்களுக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு அது தினசரிக் காட்சி. இருந்தும் உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் என் ஊர் ஜெயித்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டும். துமாயினி சொன்ன வழுவழுப்பான கிரீம் இங்கே கிடைக்கவில்லை. வசந்தா அக்கா வீட்டுத் தொட்டியில் செம்பருத்தி இருந்தது. இலையைப் பறித்துத் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று தாளி வரும், நம் அம்மாக்கள் தலைக்குத் தேய்ப்பது. அதைத் தடவிவிட்டு விரலை விட்டேன். சிக்கு, பேச்சில்லாமல் வழிவிட்டது. வீடியோவில் துமாயினியிடம் காட்டினேன். "அது என்ன?" "செம்பருத்தி இலை. எங்கள் ஊர் டாவா, எரியாது." பத்து நிமிடம் கழித்துத்தான் அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது. அந்த வார்த்தையும் இலைக்குத்தான்.

ஆறு மாதமும் முடிந்தது. ஃபிலோமினா மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன சார், வளரவே இல்லையே?"

"வளர்ந்திருக்கு மிஸ். வெளிய தெரியாது, அவ்வளவுதான்." இமானியின் ஒரு சுருளைப் பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினேன். தாடை வரை வந்தது. விட்டேன். சுருண்டு காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மிஸ் கண்ணாடியை மேலே தள்ளினார். "இன்னொரு தடவை காட்டுங்க." காட்டினேன். பிறகு அவரே ஒன்றைப் பிடித்து இழுத்து விட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும் பிடித்தபோது இமானி, "மிஸ், போதும்" என்றாள். மிஸ் கையை எடுத்துக்கொண்டு மறுபடி தலைமையாசிரியை ஆனார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா ஒருத்திக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. திங்கக்கிழமை ரெட்டை ஜடையோட வரணும். முடியலன்னா பாய் கட் பண்ணிடுங்க, அதுக்கு பெர்மிஷன் தரேன்."

இமானி அன்று வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாளாம். அவளுடைய பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன் "இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அவரிடம்தான் அவள் தெருத் தமிழ் கற்றாள். 'கீது', 'வந்துகினு' எல்லாம் எங்கள் வீட்டில் சொன்னால் வாயில் சோப்பு போடுவேன் என்று என் அப்பா மிரட்டிய சொற்கள். என் மகள் நாக்கில் அவை பாடுகின்றன. அன்று வீட்டுக்கு வந்ததும், தலையணைக்கு அடியிலிருந்த ரிப்பனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இந்த ஊர் முடி வளர்க்கச் சொன்னது, இப்போது இந்த ஊரும் வெட்டச் சொல்கிறது. ஒரு குழந்தை எத்தனை ஊரைத்தான் நம்பும்?

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எது சுலபமோ அதைச் செய்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்தேன். முடியை நேராக்கிவிட்டால் ரெட்டை ஜடை என்ன, நாலு ஜடை போடலாம். உபெண்டோவிடம் சொன்னேன். சனிக்கிழமை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

பார்லரில் ஒரு சின்னப் பெண், ரேவதி என்று பெயர். இமானியை உயர நாற்காலியில் ஏற்றி, துண்டைப் போர்த்தி, முடியில் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, இன்னாக்கா இவ்ளோ அடர்த்தி! இங்க வர்ற எல்லாரும் முடி கொட்டுது, முடி கொட்டுதுன்னு அழுவுறாங்க. தாம்பரமே சொட்டையாயினு கீது. இதப் போயி படிய வெக்கணுமா?" பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மன்னிச்சிக்கோங்க" என்றாள்.

"நான் கேக்கவே இல்லையேம்மா."

"எல்லாரும் அப்டித்தான் சார் ஆரம்பிப்பாங்க."

இதைச் சொல்லிக்கொண்டே அவள் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை அறையில் பரவியது. உபெண்டோவின் கை தானாக இடது காதுக்குப் பின்னால் போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். இமானியும் பார்த்தாள். "அம்மா, இது எரியுமா?" என்று கேட்டாள். உபெண்டோ எழுந்தாள். துண்டைக் கழற்றி, மடித்து, ரேவதியின் கையில் கொடுத்தாள். "துவெண்டே" என்றாள். போகலாம். ரேவதிக்கு சுவாஹிலி தெரியாது, ஆனால் புரிந்துகொண்டாள். "கரெக்டுக்கா" என்று பாட்டிலை மூடினாள்.

ஷேர் ஆட்டோவில் நான், திங்கட்கிழமை என்ன செய்வது, மிஸ்ஸிடம் என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டே வந்தேன். முடிச்சூர் வந்து இறங்கியதும் உபெண்டோ கேட்டாள். "அந்த மிஸ் ரெண்டு ஜடை என்று சொன்னாரா, தொங்குகிற ரெண்டு ஜடை என்று சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். தொங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நாமாகவே வைத்துக்கொண்டோம். ஜடை என்றால் தொங்கும் என்பது நமக்கு அவ்வளவு உறுதி.

ஞாயிறு மதியம் துமாயினி ஃபோனில் இருந்தபடி சொல்லச் சொல்ல, உபெண்டோ பின்னினாள். நெற்றியிலிருந்து பிடரி வரை நேர் வகிடு. வகிட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தலையோடு ஒட்டி, வரப்பு மாதிரி ஓடுகிற பின்னல். உபெண்டோவின் விரல் இரண்டு தடவை தடுமாறியது, அவிழ்த்து மறுபடி பின்னினாள். என் வேலை தண்ணீர் அடிப்பதும் செம்பருத்தித் தாளி தடவுவதும். பின்னல் பிடரியைத் தாண்டியதும் மிஞ்சிய நுனியை மேலே மடித்து, நேவி ப்ளூ ரிப்பனை இரட்டைப் பூவாகக் கட்டினோம். இமானி கண்ணாடிக்கு முன்னால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தாள். இந்தப் பின்னலுக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். துமாயினி சொன்னாள். "துவெண்டே கிலியோனி." அர்த்தம், சாவு வீட்டுக்குப் போகலாம் வா. அவசரமாகத் துக்கத்துக்குக் கிளம்புகிறவர்கள் நாலு வரிசையாகப் பின்னிக்கொண்டு ஓடுகிற எளிய பின்னலாம். எங்களுடையது அதில் பாதி.

அதே மாலை உபெண்டோ கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து அவளும் மருந்து போடாமல்தான் இருந்தாள், அவளுக்குப் பழகிய மருந்து இங்கே கிடைக்காது என்பதால். வேரிலிருந்து மூன்று விரல் உயரத்துக்குச் சுருள் வந்திருந்தது, அதற்கு மேல் பழைய மருந்து முடி வைக்கோலாகத் தொங்கியது. "அந்தக் கோட்டோடு வெட்டு" என்றாள். என்னிடமா என்றேன். "நீ கெடுக்க இனி என்ன இருக்கிறது?" என்றாள். வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கோட்டை இரண்டு தடவை சரிபார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிந்ததும் அவள் தலையில் இருந்தது அவளுடையது மட்டும். முப்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் முடியைத் தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் கீரை வாங்கப் போனவளிடம் கீரைக்கார அக்கா, "என்ன கண்ணு, நீயுமா? வேண்டுதலா?" என்று கேட்டாராம். உபெண்டோ தனக்குத் தெரிந்த தமிழில், "ஆமாக்கா, வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஃபிலோமினா மிஸ் இமானியை நிறுத்தினார். முன்னால் பார்த்தார், சுற்றிவந்து பின்னால் பார்த்தார், ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். நானும் அவர் பின்னாலேயே சுற்றினேன்.

"இது என்ன ஸ்டைல்?"

"பேர் ஒண்ணு இருக்கு மிஸ். அர்த்தம் மட்டும் கேக்காதீங்க."

"யார் பின்னினது?"

"என் மனைவி. நான் தண்ணி அடிச்சேன்." சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று புரிந்தது. பக்கத்தில் நின்ற விளையாட்டு ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன். "மிஸ், இன்னொண்ணு. அது வேளாங்கண்ணி மொட்டை இல்ல. அவ பழைய ஸ்கூல்ல முடி வளக்கக் கூடாது, அதான்."

"தெரியும் சார், அட்மிஷன் ஃபார்மை அப்புறம் பாத்தேன். உங்கப்பா எனக்குக் கணக்கு எடுத்தவரு. அவர் வீட்டுப் பிள்ளை வேளாங்கண்ணியில மொட்டை போடுமா?" பிறகு இமானியைப் பார்த்தார். "ரெண்டு ஜடை இருக்கு. ரிப்பன் இருக்கு. க்ளாஸுக்குப் போ." அந்த வாரமே மூன்றாம் வகுப்பில் இரண்டு பெண்கள் தங்களுக்கும் ஒட்டிப் பின்னிவிடச் சொல்லி வீட்டில் அடம்பிடித்தார்கள். அவர்களுடைய வழுக்கும் முடியில் பின்னல் நிற்கவில்லையாம். இமானி அவர்களுக்காக வருத்தப்பட்டாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் தாருக்குத் திரும்புகிறோம். இமானியின் பழைய பள்ளியில் விதி மாறவில்லை என்று துமாயினி விசாரித்துச் சொன்னாள். பின்னிய தலையைச் சேர்த்துக்கொள்கிற வேறு பள்ளி ஒன்று, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறதாம். இமானி அதற்கே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். உபெண்டோ பழைய பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியையிடம் பேசப் போகிறாள். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இந்த முடியை வளர்க்கச் சொல்லி விதி இருக்கிறது, நம் மண்ணில் ஏன் இல்லை என்று கேட்கப் போகிறாள். அவள் கேட்டால் கேட்டதுதான். என் பெட்டியில் செம்பருத்திக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்கிறாள் உபெண்டோ. தாரில் வேலிக்கு வேலி செம்பருத்திதான் என்பதும் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் வசந்தா அக்கா தொட்டியில் வளர்ந்தது வேறு.

நேற்று ஞாயிறு. இப்போது நானும் பின்னுகிறேன். இடப்பக்கம் முடித்திருந்தேன், படிந்து, அடங்கி, நுனியில் நீல ரிப்பன். வலப்பக்கம் இன்னும் தொடவில்லை, அது மேலெழுந்து மழைமேகம் போல நின்றது. நடுவில் வகிடு, மெல்லிய கோடாக. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் தாம்பரம், ஒரு பக்கம் தார், நடுவில் இந்தியப் பெருங்கடல். நான் அந்தக் கோட்டின் மேல் சீப்போடு நிற்கிற ஆள், எந்தக் கரையிலும் கால் பதியவில்லை. கண் கலங்கிவிட்டது. இமானியிடமே கேட்டேன், "இமானி, இதுல எந்தப் பக்கம் நம்ம ஊரும்மா?"

அவள் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"வகிடு கோணலா கீதுப்பா."